நாத்தனார் முடிச்சு

ஆடி பிறந்து முதல் வியாழக்கிழமை காலை எட்டேமுக்கால் மணிக்கு, ஆலடிக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், ஆவுடையம்மாள் தன் கையால் கட்டி, தன் கையால் அளந்து, தன் கையால் வாழையிலையில் சுற்றிக் கொடுத்த இரண்டு முழம் பிச்சிப்பூ, அதை வாங்கிய டீச்சர் தலையில் வைக்கத் தூக்கியதுமே, இறங்கவேண்டிய நிறுத்தம் வந்துவிட்ட பயணிகள்போல ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், நாரைவிட்டு இறங்கித் தரையில் விழுந்தது. டீச்சர் கையில் வெறும் வாழைநார் மட்டும் தொங்கியது.

"நார் சரியில்ல டீச்சர், காஞ்சுபோச்சு" என்று சொல்லி ஆவுடை வேறு நாரைத் தண்ணீரில் முக்கி எடுத்து, எதிரே வந்து நின்ற புளியங்குடி பஸ்ஸிலிருந்து யார் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இன்னும் இரண்டு முழம் கட்டிக் கொடுத்தாள். அதுவும் இறங்கிப்போனது. மூன்றாவது தடவை கட்டுவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டதால் டீச்சர் வெறும் தலையோடு போனார்.

ஆவுடைக்கு இது சின்ன அவமானம் இல்லை. நாற்பத்து நாலு வயதில் இருபது வருஷத்தை அந்தப் பலகைமேல் உட்கார்ந்து கழித்தவள் அவள். கண் பஸ்ஸில் இருக்கும், வாய் பக்கத்துப் பழக்கடைக்காரியிடம் இருக்கும், காது தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிய செல்போனில் இருக்கும், விரல்கள் மட்டும் யாரையும் எதுவும் கேட்காமல் பூவை எடுத்து, வைத்து, நாரைச் சுற்றி, இழுத்து, அடுத்த பூவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். தூங்கும்போதுகூட அவள் கை போர்வை நுனியைக் கட்டிக்கொண்டிருக்கும் என்று அவள் புருஷன் குருநாதனே சொல்லியிருக்கிறான். பார்க்காமல் கட்டுவதுதான் அவள் பெருமை. அதே பெருமைதான் அன்றைக்குத் தரையில் சிதறிக் கிடந்தது.

ஆனால் அவள் அதிகநேரம் தனியாக வெட்கப்படவேண்டி வரவில்லை. டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டே டீ குடித்த மனிதர் நாலாம் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் பார்த்தால் கிளாஸ் விளிம்புவரை நிரம்பி இருந்தது. சலூனில் அரசியல் பேசிக்கொண்டே வெட்டிய முடி, ஆள் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பதற்குள் பழையபடி காதுவரை வளர்ந்து நின்றது. அம்மன் கோவில் பூசாரி கொட்டாவி விட்டபடி உடைத்த தேங்காய், அர்ச்சனைக் கூடையில் மெல்ல நகர்ந்து இரண்டு மூடியும் ஒன்றையொன்று தேடிப்பிடித்து முழுத்தேங்காயாகிக் கிடந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வந்தபிறகு, பூட்டினோமா இல்லையா என்று சந்தேகப்பட்டுத் திரும்பிப்போய் இழுத்துப் பார்க்கும் வழக்கமுள்ளவர்களை ஊர் இத்தனை நாள் கேலி செய்திருந்தது. அன்றைக்கு அவர்கள் போய்ப் பார்த்தபோது பூட்டு நிஜமாகவே திறந்து தொங்கியது. அவர்கள் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்திருக்கவேண்டும்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பராக்குப் பார்த்துக்கொண்டு செய்த எதுவும் நிற்கவில்லை. மனசு வைத்துச் செய்தது நின்றது. அவ்வளவுதான். இதற்கு ஊரார் 'உருவல்' என்று பெயர் வைத்தார்கள், முடிச்சு உருவிக்கொண்டு போவதுபோல எல்லாம் உருவிக்கொண்டு போனதால். காரணம் என்ன என்று இரண்டு நாள் பேசினார்கள். புதுசாக நட்ட செல்போன் டவர் என்றார்கள் சிலர், கொடைவிழா எடுக்காமல் விட்ட சாமி என்றார்கள் சிலர். மூன்றாம் நாள் அந்தப் பேச்சையும் பராக்காகப் பேசியதாலோ என்னவோ, யார் என்ன சொன்னார்கள் என்பதே யாருக்கும் நினைவில்லை. ஊர் எல்லையில் இருக்கும் கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப்பக்கம் உருவல் கிடையாது. ஆனால் சங்கரன்கோவிலில் வைத்துப் பராக்காகப் பூட்டிக்கொண்டு வந்த டிரங்குப்பெட்டி பாலம் தாண்டியதும் வாயைத் திறந்துவிட்டதால், வெளியூரில் செய்து உள்ளூருக்குக் கொண்டுவருகிற கள்ளத்தனமும் செல்லாது என்று தெரிந்துபோனது.

பிறகு ஊர் தன் பிழைப்பைப் பார்த்தது. டீக்கடைக்காரர் பேப்பரை ஆணியில் மாட்டிவிட்டு, டீயைக் குடித்து முடித்தவர்களுக்கு மட்டும் அதை எடுத்துக் கொடுத்தார். டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவர்கள் தட்டில் சோறு குறையாததைக் கண்டு முதலில் சந்தோஷப்பட்டு, வயிறும் நிறையாததைக் கண்டு டி.வி.யை நிறுத்தினார்கள். எட்டுப் பத்து பஸ் எட்டே முக்காலுக்குப் புறப்பட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள், "ஆலடிக்குறிச்சிக்காரனுக்குச் சட்டைப் பட்டன் போட அரைமணி நேரம் வேணும்" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த மாதம் முழுக்க ஊரில் ஒரு வீட்டிலும் பால் பொங்கி வழியவில்லை என்பதை அவர்கள் எங்கே கண்டார்கள்?

மரக்கடை வேலாயுதம் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முதலாகத் தன் தட்டை உற்றுப் பார்த்து, "ரசத்துல என்னமோ மிதக்கே, என்னது இது?" என்று கேட்டார்.

"மல்லித்தண்டு" என்றாள் அவர் மனைவி. "நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அதுதான் மிதக்கு."

அவர் அந்தத் தண்டை எடுத்து மென்று பார்த்தார். நல்லா இருக்கு என்றார். அந்த அம்மாள் அடுப்பங்கரைக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பக்கத்து வீடு பார்த்து, பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுவந்து சேர்த்தது.

திருநெல்வேலியிலிருந்து ஒரு யோகா மாஸ்டர்கூட வந்தார். 'இக்கணத்தில் வாழ்வோம், ஐந்து நாள் மனக்குவிப்புப் பயிற்சி' என்று பெரிய பேனர். அதைக் கட்டும்போது அவர் போனில் பேசிக்கொண்டிருந்ததால், முதல் வகுப்பில் அது அவிழ்ந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழு பேரையும் மூடியது. விரித்த பாய்கள் தானாகச் சுருட்டிக்கொண்டன. நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாளிலிருந்து வகுப்பை விட்டுவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஒரு முறுக்கை அரைமணி நேரம் தின்றுகொண்டிருந்தார். ஊருக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஒரே ஒரு சங்கடம்தான் பெரிய சங்கடமாக இருந்தது. மனசு எங்கே இருக்கிறது என்பதை மறைக்க முடியாமல் போனது. நடுத்தெருவில் ஒருத்தனுக்கு வேட்டி நழுவினால், "என்ன மாப்ள, யாரு நெனப்பு?" என்று கேட்டார்கள். ஒரு பெண்ணின் சடை திடீரென்று அவிழ்ந்தால் எல்லாரும் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் பேசினார்கள்.

ஆவுடை அதில்தான் மாட்டினாள். பூ நிற்கவேண்டும் என்று முதல்முறையாகத் தன் விரல்களைப் பார்த்தபோது, விரல்கள் கூச்சப்பட்டு நின்றுவிட்டன. எந்த விரல் முதலில் போகிறது, நாரை எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சின்னப் பிள்ளைபோல முதலிலிருந்து கற்றுக்கொள்ளவேண்டியிருந்தது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, மேலே ஒரு சுற்று, அடியில் விட்டு ஒரு இழுப்பு. அப்படிப் பார்த்துக் கட்டும்போதுதான் பிச்சி மொட்டின் அடிப்புறம் இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்தாள். இருபது வருஷமாகத் தெரியாதா என்றால், தெரியும். பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு நூறு முழம் கட்டியவள் பத்து முழம் கட்டினாள். அந்தப் பத்தில் ஒரு பூ சாய்ந்து இருக்காது. ஊர்ப் பெண்கள் காத்திருந்து வாங்கினார்கள்.

ஆனால் ஐந்தாவது முழத்தின் நடுவில் எங்கேயாவது கோமதிநாயகத்தின் நினைப்பு வந்துவிடும். நினைப்பு வந்த இடத்திலிருந்து, அளவெடுத்ததுபோல, சரம் உதிர்ந்துவிடும். பழக்கடைக்காரி கீழே குனிந்து பூவைப் பொறுக்கிக்கொண்டே, "தம்பி நெனப்பா?" என்பாள்.

தம்பி நெனப்புதான். ஆவுடைக்கு இருபது வயதில் கல்யாணம் ஆன ஆறாவது மாதம் அவள் அம்மா இறந்துபோனாள். அப்போது நாயகத்துக்கு ஆறு வயது. ஒரு கையில் துணிப்பையும் மறுகையில் தம்பியுமாகப் புருஷன் வீட்டுக்கு வந்து நின்றாள். குருநாதன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எழுந்துபோய்ச் சின்னத் தட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்தக் குறை தெரியாமல் நாயகமே வளர்ந்து, படித்து, கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, மாதம் இரண்டு சனிக்கிழமை வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். இப்போது புளியங்குடியில் பெண் பார்த்தாயிற்று. கல்யாணம் மாப்பிள்ளை ஊரில், ஆலடிக்குறிச்சி மண்டபத்தில். ஆவணி முதல் முகூர்த்தம். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் தனிக்குடித்தனம். அப்புறம் அந்த இரண்டு சனிக்கிழமை எத்தனையாகும்? பொங்கலுக்கு ஒருதடவை, கோவில் கொடைக்கு ஒருதடவை. ஆவுடை தலையை ஆட்டி ஆட்டிச் சம்மதம் சொன்னாள். ராத்திரி அரிசி களையும்போது தெளிந்த தண்ணீர் பழையபடி கலங்கியது.

அவர்கள் வழக்கத்தில் தாலியின் முதல் இரண்டு முடிச்சை மாப்பிள்ளை போடுவான், மூன்றாவதை அவன் அக்காள் தங்கச்சி போடவேண்டும். நாத்தனார் முடிச்சு. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் உருவல் வந்தபிறகு ஊரில் இன்னும் ஒரு தாலிகூடக் கட்டப்படவில்லை. முதல் தாலி நாயகம் கட்டப்போவது. முதல் நாத்தனார் முடிச்சு ஆவுடை போடப்போவது. தம்பி பெயரை நினைத்தாலே பூவை உதிர்க்கிறவள், தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறவள் கழுத்தில் போடும் முடிச்சு நிற்குமா? ஊர் வாய்விட்டுக் கேட்கவில்லை. பூ வாங்க வந்து நின்று அவள் விரலையே பார்த்தது.

பெரியம்மா சண்முகத்தாய்தான் கேட்டாள். வெற்றிலையை நிதானமாக மடித்து வாயில் வைத்து, அது மறுபடி கைக்கு வந்துவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டபிறகு பேசினாள்.

"நான் சொல்லுதேன்னு கோவப்படாத. உன் முடிச்சு உருவுச்சுன்னா சபையில என்ன பேச்சு வரும்? நாத்தனா மனசார வாழ்த்தலன்னு வரும். அந்தப் புள்ளைக்குக் காலம்பூரா அது உறுத்திக்கிட்டே இருக்கும். சித்தப்பா மக மாரித்தாயி கட்டட்டும். உனக்குக் கைவலின்னு சொல்லிக்கிடுவோம்."

"கைவலியா? பூக்கட்டுதவளுக்கா?"

"அப்பம் உண்மையச் சொல்லவா?"

உண்மை என்னவென்று நினைக்க ஆவுடைக்கே பயமாக இருந்தது. அந்தப் பெண்மேல் அவளுக்கு வெறுப்பு இல்லை. ஆனால் முடிச்சுக்கு அது தெரியுமா?

அன்று ராத்திரியே ஒரு மஞ்சள்கயிறு வாங்கி வந்து ஜன்னல் கம்பியில் கட்டிப் பார்த்தாள். கவனம், கவனம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினாள். கையை எடுத்ததும் கயிறு சோம்பல் முறிப்பதுபோல அவிழ்ந்தது. பன்னிரண்டு தடவை கட்டினாள், பன்னிரண்டு தடவையும் அவிழ்ந்தது.

மறுநாள் பகல் குருநாதனின் பஞ்சர் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உருவல் வந்து ஊரே தடுமாறியபோது ஒரு மாற்றமும் இல்லாமல் நடந்த கடை அது ஒன்றுதான். அவன் ஒட்டிய ஒட்டு ஒன்றுகூடப் பிரியவில்லை. டியூபைக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு மட்டும் எப்படி நிக்குது?"

"என்னது?"

"எல்லாந்தான். எப்படிக் கவனம் வைக்கீங்க?"

அவன் யோசித்தான். "கவனம்லாம் தெரியாது. குமிழி எங்கேருந்து வருதுன்னு பாக்கேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வந்துருச்சுன்னா ஒட்டுவேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி தண்ணீருக்குள் பார்க்கத் தொடங்கினான். இந்த மனிதனிடம் போய்க் கேட்டேனே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. தூக்குச்சட்டியை ணங்கென்று வைத்துவிட்டு வந்தாள். பாதி வழியில்தான் மூடியைத் திறந்து கொடுக்க மறந்தது ஞாபகம் வந்தது. உருவலுக்கு நன்றி, மூடி தானாகவே திறந்திருக்கும்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, சாயங்காலம் நாலு மணிக்குப் புளியங்குடி பஸ்ஸிலிருந்து வடிவு இறங்கினாள். கல்யாணப் பெண் தனியாக மாப்பிள்ளை ஊருக்கு வருகிற வழக்கம் இல்லை என்பதால் பஸ் ஸ்டாண்டே ஒருநிமிஷம் கையில் இருந்ததைக் கீழே போட்டது. இருபத்தாறு வயது, ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. நேராக ஆவுடையின் பலகைமுன் வந்து நின்றாள்.

"மதினி, ஒரு முழம் பிச்சி."

ஆவுடை பலகையில் இடம் ஒதுக்கினாள். உட்காரச் சொன்னாள், கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள், பிறகு கட்டத் தொடங்கினாள். முதல் சாணிலேயே உதிர்ந்தது. மறுபடி கட்டினாள். மறுபடி உதிர்ந்தது. பழக்கடைக்காரி உதவிக்கு எழுந்துவந்தாள். வடிவு அவளைக் கையமர்த்திவிட்டுத் தானே குனிந்து உதிர்ந்த பூவையெல்லாம் பொறுக்கித் தன் கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டாள்.

"மாரித்தாயி மதினி கட்டுவாங்கன்னு உங்க பெரியம்மா எங்க வீட்டுக்குப் போன் பண்ணாங்க" என்றாள் வடிவு.

"ஆமா. என் கை இப்பம் சரியில்ல தாயி. நீயே பாக்கியே."

"பாத்தேன்." வடிவு கைக்குட்டையை முடிந்துகொண்டாள். "உங்க தம்பி எப்பப் பேசினாலும் அக்கா அக்காங்காக. போன்ல ஒருமணி நேரம் பேசினா முக்காமணி நேரம் உங்க கதைதான். உங்களுக்கு என்னையப் பிடிக்கலைன்னா முடிச்சு நிக்காது. நிக்கலைன்னாலும் பரவால்ல மதினி, நீங்களே கட்டுங்க. வேற ஆள் கட்டி நிக்கது எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு அவள் அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். போகும்போது அவள் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று ராத்திரி குருநாதன் கேட்டான். ஆவுடைக்குச் சொல்லத் தெரியவில்லை. அரைமணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தவளை அவள் பார்க்கவே இல்லை. தன் கையைப் பார்த்தாள், தன் பயத்தைப் பார்த்தாள், தம்பியைக் கொண்டுபோகப்போகிற யாரோ ஒருத்தியைப் பார்த்தாள். அதை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

ஆவணி முதல் முகூர்த்தம் காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள். அழைத்தவர்கள், அழைக்காதவர்கள், பாலத்துக்கு அந்தப்பக்கத்துக்காரர்கள் என்று மண்டபம் நிறைந்துவிட்டது. அதைப்போல ஒரு கல்யாணம் அந்த வட்டாரத்தில் நடந்ததில்லை. சமையல்காரர்கள் சாம்பார் உருவிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு முருங்கைக்காயையும் மோந்து பார்த்துப் போட்டிருந்ததால், முதல் பந்தியில் பேச்சே எழவில்லை. நாதஸ்வரக்காரர் வழக்கமாக வருகிறவர்களை எண்ணிக்கொண்டே வாசிப்பவர். அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார், வாசித்துவிட்டு இது நானா என்று ஒத்து ஊதுகிறவரைப் பார்த்தார். மணமகளின் தலையில் நாலு முழம் பிச்சி. விடியற்காலையில் ஆவுடை கட்டியது. அதில் நாலைந்து இடத்தில் உதிர்ந்து, உதிர்ந்த இடத்திலிருந்து மறுபடி கட்டி, மறுபடி கட்டித்தான் நாலு முழம் சேர்த்திருந்தாள்.

ஐயர் தாலியைத் தட்டில் வைத்து நீட்டினார். கெட்டிமேளம் என்றார். மேளம் கொட்டியது, அட்சதை விழுந்தது. வழக்கமாக அட்சதையைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போகிற கூட்டம் அன்றைக்கு அசையவில்லை. நாயகம் குனிந்து வடிவின் கழுத்தைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுபோய் ஒரு முடிச்சு போட்டான், இன்னொரு முடிச்சு போட்டான், கயிற்றின் இரண்டு நுனியையும் அக்காவின் கையில் கொடுத்தான்.

ஆவுடை வடிவின் பின்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். சடையையும் பூவையும் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். கவனம் என்று சொல்ல வாய் எடுத்தாள். அப்போது அவளுக்கு, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், தண்ணீர்த் தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருக்கும் குருநாதனின் முகம் ஞாபகம் வந்தது. குமிழி எங்கே வருகிறது?

பார்த்தாள். பிடரியில் சடைக்குள் அடங்காத பூனைமுடி நாலைந்து, வேர்வையில் ஒட்டிக்கொண்டு வளைந்து கிடந்தது. காதுக்குப் பின்னால் பவுடரை யாரோ அவசரத்தில் அப்பிவிட்டுச் சரியாகத் தேய்க்காமல் விட்டிருந்தார்கள். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் மிளகளவு ஒரு மச்சம். அதற்குப் பக்கத்தில், தோலுக்கு அடியில், நரம்பு ஒன்று துடித்துக்கொண்டே இருந்தது. சீக்கிரம் சீக்கிரமாகத் துடித்தது. மேடையில் அத்தனை திடமாக உட்கார்ந்திருந்த பெண் பயந்துபோய் இருக்கிறாள் என்று அந்த நரம்பு சொன்னது. பத்து நாள் கழித்து இவளும் தன் வீட்டைவிட்டுத் தெரியாத ஊருக்குப் போகப்போகிறாள். இவளுக்கும் அங்கே அக்கா கிடையாது. ஐயோ பிள்ளை, என்று ஆவுடைக்கு நெஞ்சு இளகிப்போனது. ஒட்டியிருந்த பவுடரைக் கட்டைவிரலால் மெல்லத் துடைத்துவிட்டாள். மஞ்சள்கயிறு ஈரமாக இருந்தது, அதில் மஞ்சள் வாசனையும் வடிவின் தலையிலிருந்து பிச்சி வாசனையும் வந்தது. இந்த நுனியை அந்த நுனிமேல் போட்டாள், அடியில் விட்டு எடுத்தாள், மச்சத்தில் உரசாமல் இழுத்தாள். தான் முடிச்சு போட்டுவிட்டோம் என்பதே கையை எடுத்தபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

மேளம் நின்றுவிட்டது. மேளக்காரரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் சண்முகத்தாய் வெற்றிலையை மெல்லவில்லை.

கயிறு அசைந்தது. மண்டபம் முழுக்க ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது. கயிற்றில் ஒரு முடிச்சு சோம்பல் முறித்து அவிழ்ந்தது. பிறகு இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. தாலி ஒரு விரற்கடை கீழே இறங்கியது, அப்படியே நின்றது.

யாருக்கும் கணக்குப் புரியவில்லை. ஆவுடை தன் வாயைப் பொத்திக்கொண்டாள். வடிவுதான் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். தினமும் நரம்பு தேடிப் பழகிய விரல்கள், அவற்றுக்குச் சந்தேகம் வராது.

"மதினி" என்றாள், திரும்பாமலே. "உங்க முடிச்சு நிக்குது."

அவிழ்ந்தது இரண்டும் மாப்பிள்ளை போட்டவை. கூட்டத்தின் கண் அத்தனையும் நாயகத்தின்மேல் திரும்பியது. முப்பது வயது ஆண்பிள்ளை, பட்டு வேட்டியும் மாலையுமாக, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன்போல உட்கார்ந்திருந்தான். காதுவரை சிவந்துவிட்டது.

"ஏலே, என்ன நெனப்புல கட்டுன?" என்று ஆவுடை மெதுவாகக் கேட்டாள்.

"உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேங்க்கா" என்றான். "உன் முடிச்சு உருவிருமோன்னு. சபையில நீ தலைகுனிஞ்சு நிக்கக்கூடாதேன்னு. அதவே நெனச்சிக்கிட்டுக் கட்டிட்டேன்."

இருபத்து நாலு வருஷமாக ஆவுடை கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. அவன் அவளைத்தான் பார்க்கிறான், கல்யாண மேடையிலும் அவளைத்தான் பார்க்கிறான். ஒரு மாதத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போயிருப்பாள். இப்போதும் நெஞ்சு நிறைந்துதான் போனது. ஆனால் அவள் கைக்குப் பக்கத்தில் அந்த நரம்பு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

ஆவுடை எட்டி, ஆறு வயதில் சோறு ஊட்டும்போது பிடிப்பதுபோல, தம்பியின் தாடையைப் பிடித்தாள். தன் முகத்திலிருந்து அதைத் திருப்பி, வடிவின் பக்கம் கொண்டுபோய் விட்டாள்.

"என்னைய எதுக்குல பாக்க? அவளைப் பாரு."

நாயகம் பார்த்தான். கொஞ்சநேரம் பார்த்தான், ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிற அளவுக்குப் பார்த்தான். வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் அவனுக்கும் வந்தது. பிறகு அவன் கயிற்றைத் தொட்டு, அக்காவின் முடிச்சு கலையாமல் அதற்கு இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் ஒன்றுமாக, விரல் விரலாகப் பார்த்துப் பார்த்து முதலிலிருந்து கட்டத் தொடங்கினான். மேளம் யாரும் சொல்லாமலே மறுபடி எழுந்தது. அவன் கட்டி முடிக்கும்வரை, பூ கயிற்றில் சிக்கிக்கொள்ளாதபடி வடிவின் சடையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஆவுடை பக்கத்திலேயே இருந்தாள்.